எபிஹாரா கட்சுயோவும் மயூமி விதையும்

சர்க்கரை விஷயத்தில் எபிஹாரா கட்சுயோவை ஏமாற்ற இந்த உலகத்தில் ஆள் பிறக்கவில்லை. இனிமேல் யாராவது பிறந்தாலும், அந்தக் குழந்தையின் தொப்புள்கொடியில் என்னென்ன சர்க்கரை ஒட்டியிருக்கிறது என்று டாக்டர் வாயைத் திறப்பதற்குள் அவர் சொல்லி முடித்திருப்பார். பசிபிக் கடலில் யாரோ ஒரு கரண்டிச் சீனியைக் கொட்டினால் ட்சுகுபாவில் உட்கார்ந்திருக்கும் அவருக்கு மூக்கு அரிக்கும். நிலவில் சர்க்கரை கிடையாது என்பதை அதன் வெளிறிய முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்தவர் அவர்தான். ராக்கெட் எல்லாம் வெட்டிச் செலவு. ஃபூஜி மலையின் உச்சியில் இருப்பது பனிதானா என்பதில் மட்டும் அவருக்கு இன்னும் சந்தேகம் தீரவில்லை.

இதில் பாதி புளுகு. மீதிப் பாதி பக்கத்து வீட்டிலிருந்து பார்த்தது. இந்த எழுத்துக்கும் அந்த வீட்டுக்கும் நடுவில் ஒரு வேலிதான்.

சந்தேகம்தான் அவருக்கு மூச்சு. கடையில் ஸ்ட்ராபெரி டப்பாவைக் கவிழ்த்து அடியில் இருப்பதைப் பார்க்காமல் கூடையில் போடமாட்டார். யாராவது தோட்டத்தில் அதிகமாய் விளைந்தது என்று முள்ளங்கி கொண்டுவந்து கொடுத்தால், வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தியதும் "என்ன வேணுமாம் இவங்களுக்கு" என்பார். குப்பை போடும் நாளில் கட்டி வைத்த பைகளை வெளியிலிருந்தே பார்த்து, யார் பிளாஸ்டிக்கைக் காகிதத்தோடு கலந்தார்கள் என்று சொல்லிவிடுவார். அவருடைய வீட்டுக்காரர் தோகுஜி நகரப் பேருந்து ஓட்டுகிறவர். வேலை முடிந்து வந்து ஷூவைக் கழற்றும்போதே விசாரணை தொடங்கிவிடும்.

"வழியில எங்க நின்னீங்க?"

"பஸ் ஸ்டாப்புலதான். எல்லா ஸ்டாப்புலயும் நின்னேன். அதுதானே என் வேலை."

"மூச்சுல வறுத்த கோழி வாசனை வருது."

"பயணி ஒருத்தர் மடியில வெச்சிருந்தார்."

"அது உங்க சட்டைக் காலர்ல எப்படி ஏறிச்சு?"

தோகுஜி சிரித்துக்கொண்டே உள்ளே போய்விடுவார். தன் மனைவி ஏ வகை ரத்தக்காரி, அதனால் எதையும் நுணுக்கிப் பார்ப்பாள் என்று அவருக்குப் பெருமை. சக ஓட்டுநர்களிடமும் சொல்லிக்கொள்வார்.

கட்சுயோ பிறந்தது ஹொகொட்டாவில். அந்தப் பக்கம் முழுக்க மெலன் பழத் தோட்டம். பள்ளிக்கூடம் முடித்ததும் கூட்டுறவுச் சங்கத்தின் தரம் பிரிக்கும் கொட்டகையில் வேலைக்குச் சேர்ந்தார். பழத்திலிருந்து ஒரு சொட்டுச் சாறெடுத்துக் கண்ணாடித் துண்டில் விட்டு, சின்னக் குழாய் வழியாக வெளிச்சத்தைப் பார்க்க வேண்டும். உள்ளே ஒரு கோடு தெரியும். கோடு மேலே நின்றால் பழம் இனிப்பு, தங்க நிற லேபிள்; கீழே நின்றால் சாதா லேபிள். தோட்டக்காரர்கள் பெட்டியின் மேல் வரிசையில் நல்ல பழத்தை அடுக்கி அடியில் வேறெதையோ வைப்பார்கள். கட்சுயோ அடிப்பழத்தில்தான் கை வைப்பார்.

"கட்சுயோ-சான், நம்ம தோட்டத்துப் பழம்மா. கொஞ்சம் கண்ணை மூடிக்கோயேன்."

"கண்ணை மூடினா கோடு தெரியாதே, மாமா."

கல்யாணமாகி ட்சுகுபாவுக்கு வந்தார். ஆராய்ச்சிக்காரர்கள் நிறைந்த ஊர். ஒரு சின்னப் பரிசோதனைக் கம்பெனியில் கண்ணாடிக் குடுவை கழுவச் சேர்ந்தவர், மெல்ல மெல்ல மேசைக்கு வந்துவிட்டார். அங்கேயும் வேலை சர்க்கரையைப் பிடிப்பதுதான். ஆனால் மெலன் சர்க்கரை இல்லை, புரத மருந்தின் மேல் ஒட்டியிருக்கும் சர்க்கரை.

செல்லில் வளர்த்து எடுக்கும் மருந்துப் புரதத்துக்குச் சின்னச் சின்னச் சர்க்கரை வால்கள் உண்டு. புரதம் அதேதான் என்றாலும் வால் மாறினால் உடம்பு அதை வேற்றாளாய்ப் பார்க்கும். கதவைச் சாத்திவிடும், சில சமயம் அடித்தும் விரட்டும். அதனால் மருந்துக் கம்பெனிகள் ஒவ்வொரு தொகுப்பிலிருந்தும் கொஞ்சம் அனுப்பி, வால் சரியாக இருக்கிறதா என்று கேட்கும். அதைப் பார்க்க லெக்டின் என்ற புரதங்கள் இருக்கின்றன. விதையிலும் கிழங்கிலும் மரப்பட்டையிலும் காளானிலும் இருப்பவை. ஒவ்வொன்றும் தனக்குப் பிடித்த ஒரு வகை வாலைத்தான் பிடிக்கும். ஒரு கண்ணாடிச் சில்லில் இவற்றைப் புள்ளி புள்ளியாகப் பதித்திருப்பார்கள். மருந்துக்கு ஒளிரும் சாயம் ஏற்றி அதன்மேல் விட்டால், எது பிடித்துக்கொள்கிறதோ அந்தப் புள்ளி எரியும்.

கட்சுயோ அந்தப் புள்ளிகளைப் பற்றிப் பேசினால் கூட்டுக் குடும்பத்தில் பத்து நாத்தனாருக்கு நடுவில் வாழ்க்கைப்பட்டவர் பேசுவது போலிருக்கும். "நிலக்கடலைக்குத் தலைக்கனம். வாலோட முனையில வேற ஏதாவது ஒட்டியிருந்தா தொடவே மாட்டா. கொள்ளு இருக்காளே, ஏ வகை ரத்தக்காரங்கன்னா இழைவா, மத்தவங்களைத் திரும்பிப் பாக்கமாட்டா. நிவாதோகோ புதரோட பட்டை மனுஷங்க வாலைப் பிடிப்பான், ஹாம்ஸ்டர் எலியைச் சீண்டமாட்டான். காட்டுப் புடலைக் கிழங்கு அவனுக்கு ஜால்ரா." ஒரு புள்ளி எரிந்தால் அவர் நம்புவதில்லை. இரண்டு எரிந்தால் மூன்றாவதைப் பார்ப்பார். மூன்றும் எரிந்தால் இயந்திரத்தைச் சந்தேகப்படுவார்.

இப்படிப்பட்டவரிடம் ஒரு பொய் இருந்தது. ஒன்றே ஒன்று.

இந்த ஊரில் ஒருவரோடு பழகினால் பெயருக்கு அடுத்த கேள்வி ரத்த வகை. ஏ என்றால் பொறுப்பானவர். ஓ என்றால் தாராளம். ஏபி என்றால் புரியாத ஆள். பி என்றால், ஐயோ பாவம், தன் இஷ்டத்துக்குத் திரிகிற ஆள், எதிலும் கவனமில்லாதவர். இதற்கெல்லாம் ஆதாரம் கிடையாது என்று ஆராய்ச்சிக்காரர்கள் சொல்வார்கள். சொல்லிவிட்டு, "நீங்க எந்த வகை" என்றும் கேட்பார்கள்.

கட்சுயோ பி. பெண் பார்க்க வந்தபோது தோகுஜியின் அம்மா தேநீர்க் கோப்பையைக் கையில் எடுக்காமலே, "போன இடத்துல பொண்ணு பி-ன்னு சொன்னாங்க, எழுந்து வந்துட்டோம்" என்றார். கட்சுயோவின் சித்தி ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. "எங்க பொண்ணு ஏ. அக்மார்க் ஏ." கட்சுயோ தலையைக் குனிந்துகொண்டார். அந்தக் குனிவுதான் அவருடைய பங்கு.

அன்றிலிருந்து ஏ வகைக்காரி போல வாழ ஆரம்பித்தார். பேனாக்களை நீளவாரியாக அடுக்கினார். எதையும் இரண்டு தடவை சரிபார்த்தார், பிறகு மூன்று தடவை. ரத்த தான வண்டி கம்பெனி வாசலுக்கு வரும்போதெல்லாம் இரும்புச்சத்து குறைவு என்று ஒதுங்கினார். குழந்தை பிறக்கவில்லை. பிறந்திருந்தால் அதன் ரத்தமே அவரைக் காட்டிக்கொடுத்திருக்கலாம். ஒவ்வொரு மாதமும் அழுகையோடு ஒரு சொட்டு நிம்மதியும் வந்ததே, அந்த நிம்மதிக்காக அவர் தன்னை மன்னித்ததில்லை. எல்லாரையும் சந்தேகப்படுகிற பழக்கமும் அங்கிருந்துதான் முற்றியது. நான் ஒன்றை மறைத்துக்கொண்டு இவ்வளவு ஒழுங்காகத் தெரிகிறேன் என்றால், ஒழுங்காகத் தெரிகிற மற்றவர்கள் எதை மறைக்கிறார்களோ.

அது மார்ச் மாதம். சுகி மரங்கள் மகரந்தத்தைக் கொட்டி, ஊரில் ஒரு மூக்கும் வறண்டிருக்காத காலம். ஒசாகாவிலிருந்து ஒரு கம்பெனியின் மூட்டுவலி மருந்து வந்திருந்தது. ஹாம்ஸ்டர் செல்லில் வளர்த்தது. குப்பியிலிருந்து சின்னக் குழாய்க்கு அளந்து ஊற்றியது நுமாஜிரி. ஒப்பந்த வேலையில் இருக்கும் இளைஞன், தலைமுடி எப்போதும் தலையணையிலிருந்து அப்போதுதான் எழுந்தது போலிருக்கும். சாயம் ஏற்றியது கட்சுயோ. சில்லில் விட்டு, திரையில் படம் வந்ததும் கட்சுயோ நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"இது ஏன் எரியுது?"

"எது, எபிஹாரா-சான்?"

"நிவாதோகோ. கீழ பாரு, புடலையும் எரியுது. ஹாம்ஸ்டர் மருந்துக்கு இதுங்க தூக்கத்துல புரண்டுகூடப் படுக்கக் கூடாது."

"ஒசாகாக்காரங்க எதையாவது கலந்துட்டாங்களோ?"

"ஒசாகாக்காரங்களையும் சந்தேகப்படு. பக்கத்துல நிக்கிறவங்களையும் சந்தேகப்படு."

"பக்கத்துல நிக்கிறது நான்தான்."

"தெரியும்."

அதே தொகுப்பில் வந்த இன்னொரு குப்பியைத் திறந்து, எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தார். அது சுத்தமாக இருந்தது. நிவாதோகோ இருட்டு, புடலை இருட்டு. அப்படியானால் ஒசாகா மேல் தப்பில்லை. முதல் குழாயில் விழுந்தது இந்த அறையில் விழுந்தது. யாரோ ஒரு மனிதரிடமிருந்து விழுந்தது.

கம்பெனித் தலைவர் இசோயாமா-சென்செய் வந்து திரைக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அறிக்கை எழுதும் தோபிதாவும் பின்னாலேயே வந்தாள். யாரும் கூப்பிடாத இடத்துக்குச் சரியான நேரத்தில் வருவது அவளுக்குக் கைவந்த கலை.

"மூலையில ஒண்ணு எரியுதே, அது யாரு?" என்றாள் தோபிதா.

கட்சுயோ அதை முன்பே பார்த்திருந்தார். பார்த்தும் சொல்லவில்லை. அவர் வாழ்க்கையில் ஒரு எரிகிற புள்ளியைக் கண்டும் பேசாமலிருந்தது அதுதான் முதல் தடவை.

"மயூமி," என்றார் சென்செய். இங்கே வளரும் மயூமி மரத்துக்கு உறவுக்கார மரம் ஒன்று ஐரோப்பாவில் இருக்கிறது, அதன் விதையிலிருந்து எடுத்த புள்ளி. கம்பெனியில் எல்லாரும் மயூமி என்றே சொல்வார்கள். "இது பி வகை ரத்தக்காரங்களோட சர்க்கரையைப் பிடிக்கும். அந்தச் சர்க்கரை எச்சில்லயும் இருக்கும், மூக்குல ஒழுகறதுலயும் இருக்கும். கொள்ளு இருட்டா இருக்கு. அப்ப ஏ இல்லை, ஏபியும் இல்லை. சுத்தமான பி."

எல்லார் கண்ணும் ஒரே பக்கம் திரும்பியது. சென்செய் ஓ. தோபிதா ஏபி. எபிஹாரா-சான் ஏ என்பது வாசல் மணிக்குக்கூடத் தெரியும். வேலைக்குச் சேர்ந்த நாளில் விருந்தில் எழுந்து நின்று, "நான் பி, மன்னிச்சுக்கோங்க" என்று சிரித்துக்கொண்டே சொன்னவன் நுமாஜிரி ஒருவன்தான்.

"நான் மாஸ்க்கைக் கழட்டவே இல்லை," என்றான் அவன்.

"கழட்டினது ஞாபகம் இருக்காது," என்றாள் தோபிதா. "தப்பா எடுத்துக்காதே. எங்க சித்தப்பாவும் பி. காரைத் தெருவுல விட்டுட்டு நடந்து வீட்டுக்கு வந்திருக்கார்."

"குழாய்க்கு மூடி போடாம விடுவே இல்ல," என்றார் கட்சுயோ. அது அவர் வாயிலிருந்து தானாகவே வந்தது. நுமாஜிரி அவரைப் பார்த்தான். அவன் முகத்தில் கோபம் இல்லை. ஆசிரியர் அடிக்கப்போகிறார் என்று தெரிந்த பிள்ளை கையை நீட்டுவது போல ஒரு பார்வை.

அவனை வெளியே அனுப்பிவிட்டு சென்செய் கட்சுயோவை உட்காரச் சொன்னார்.

"மாசக் கடைசியில அவன் ஒப்பந்தம் முடியுது. புதுப்பிக்கறதா இல்லையான்னு நான் முடிவு பண்ணணும். கவனக்குறைவுன்னு அனுப்பிட்டா வேற எந்தப் பரிசோதனைக்கூடமும் அவனைச் சேர்த்துக்காது, அதுவும் தெரியும். நீங்க ஏ வகை, நிதானமா யோசிக்கறவங்க. நீங்க பாத்துட்டு வெள்ளிக்கிழமை சொல்லுங்க. நீங்க சொல்றதுதான்."

கட்சுயோ வணங்கிவிட்டு வந்தார். முதலில் அவருக்கு மனதுக்குள் சின்னச் சந்தோஷம்தான். இந்தப் பையனைச் சேர்ந்த நாளிலிருந்து அவர் சந்தேகப்பட்டு வந்தார். சந்தேகம் பலிக்கிறபோது வருகிற சுகம் தனி, கோடு மேலே நிற்கிற மெலன் போல.

அன்று மாலை சைக்கிளில் வீட்டுக்குப் போகும் வழியில் மகரந்தத்துக்குப் பயந்து இரண்டு மாஸ்க் போட்டிருந்தார். மூச்சுக்காற்று மேலே ஏறி மூக்குக்கண்ணாடி முழுக்கப் புகை. சிக்னல் பச்சையா சிவப்பா என்று தெரியவில்லை. வழக்கம்போல ஒரு விரலால் மாஸ்க்கை மோவாய்க்கு இழுத்துவிட்டுக்கொண்டார். கண்ணாடி தெளிந்தது. சிக்னலும் பச்சைக்கு மாறியது. கட்சுயோ கிளம்பவில்லை. பின்னால் வந்த கிழவர் மணியடித்துவிட்டுச் சுற்றிக்கொண்டு போனார்.

அந்த விரல் அன்று காலையும் அதையே செய்திருந்தது. மேசையில் குழாய் திறந்திருந்தது. குழாயின்மேல் எழுதியிருந்தது புகையில் தெரியவில்லை. மாஸ்க்கை இறக்கிக்கொண்டார். இறக்கியவர் சும்மா இருந்தாரா. மேசைக்கு அந்தப் பக்கம் நின்ற நுமாஜிரியைப் பார்த்து, ஏன் குழாயை மூடாமல் வைத்தாய், காற்றில் என்னென்ன விழும் தெரியுமா, உன்னைப் போல ஆட்களால்தான் என்று ஒரு நீண்ட வசவு வைத்தார். மூடாத அந்தக் குழாய்க்கு நேர் மேலே குனிந்து.

அடுத்த நாள் முழுக்க அவர் தன்னையே சந்தேகப்பட்டார். பழக்கமில்லாத வேலை, பாதியில் வழுக்கி வழுக்கி நுமாஜிரி மேலேயே போய் நின்றது. அவனும்தானே தும்மியிருப்பான். அவனும் பி-தானே. அப்படியே இருந்தால் தேவலை என்று நினைத்தார். பிறகு, அப்படி நினைப்பவளை நம்பலாமா என்று கேட்டுக்கொண்டார். கடைசியில், அவர் நம்பக்கூடியது சில்லில் இருக்கும் அந்த நாத்தனார்களை மட்டும்தான் என்று முடிவானது.

மதியச் சாப்பாட்டு நேரம். நுமாஜிரி கடைச் சோற்றுப் பெட்டியைக் காலி செய்துவிட்டு முகம் கழுவப் போயிருந்தான். கட்சுயோ குப்பைக்கூடையில் கையை விட்டார்.

"எபிஹாரா-சான், குப்பையில என்ன தேடறீங்க?" வாசலில் தோபிதா.

"பிளாஸ்டிக்கையும் மரத்தையும் ஒண்ணாப் போட்டிருக்கான்."

"பி வகை," என்று பெருமூச்சு விட்டுவிட்டு தோபிதா போனாள். அவன் சோறு சாப்பிட்ட எச்சில் மரக்குச்சிகள் கட்சுயோவின் கோட்டுப் பைக்குள் போயின.

அவன் குச்சியை நனைத்து எடுத்த நீருக்குத் தக்காளி என்று பெயரிட்டார். கழிப்பறையில் கதவைத் தாழிட்டுக்கொண்டு தானே துப்பிய குழாய்க்கு மெலன் என்று பெயரிட்டார். இரண்டுக்கும் சாயம் ஏற்றி, இரண்டு சில்லில் விட்டார். இந்தத் தடவை முகத்தில் மாஸ்க், அதற்கு மேல் கண்ணாடித் திரை, வாயில் பேச்சில்லை.

தக்காளியில் நிவாதோகோ எரிந்தது, புடலை எரிந்தது. மனித எச்சில் என்றால் எரியும். ஆனால் மயூமி இருட்டாகக் கிடந்தது. சிலருக்கு இப்படித்தான். ரத்தம் பி-யாக இருக்கும், அந்தச் சர்க்கரை மட்டும் எச்சிலில் இறங்கவே இறங்காது. நுமாஜிரி அந்தச் சில பேரில் ஒருவன். அவன் நாள் முழுக்க அந்தக் குழாய்க்குள் துப்பிக்கொண்டிருந்திருந்தாலும் மயூமி எழுந்திருக்கமாட்டாள்.

மெலனில் மயூமி, பண்டிகை விளக்கு மாதிரி எரிந்தாள்.

கட்சுயோ அந்தச் சில்லை உறையில் போட்டுப் பையில் வைத்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை வரைக்கும் அது அங்கேயே கிடந்தது. யாருக்கும் தெரியாது. சிங்க்கில் கழுவினால் போயிற்று. "யாருன்னு சொல்ல முடியலை சென்செய்" என்று சொன்னாலும் பொய்யாகாது, அரைப்பொய்தான். தோகுஜிக்குத் தெரிய வேண்டாம். பேனாக்கள் நீளவாரியாகவே இருக்கலாம். நுமாஜிரி போய்விடுவான். மாஸ்க்கைக் கழற்றவே இல்லை என்று அவன் சொன்னதை நம்பாத ஊரில், இன்னும் ஓர் ஆள் நம்பாமல் போனால் என்ன. வியாழக்கிழமை பூராவும் இந்தக் கணக்கு ஓடியது. இடைவேளையில் நுமாஜிரி தன் மேசை இழுப்பறையைக் காலி செய்துகொண்டிருப்பதைப் பார்த்தார். ஒரு பல்துலக்கி, ஒரு குடை, பாதி தின்ற மீன் பிஸ்கட் பொட்டலம். யாரும் இன்னும் போகச் சொல்லவில்லை. அதற்குள் அவன் கிளம்பிவிட்டிருந்தான்.

வெள்ளிக்கிழமை சென்செய் அறையில் தோபிதாவும் இருந்தாள். ஏன் என்று கேட்கக் கூடாது.

"அது நுமாஜிரி-குன் இல்லை, சென்செய். நான்."

சென்செய் முகம் இளகியது. "உங்க மனசு எனக்குத் தெரியும். ஏ வகைக்காரங்க இப்படித்தான், சின்னவங்க தப்பைத் தன் தலையில போட்டுக்குவாங்க."

"நான் பி."

"எபிஹாரா-சான், இந்த நேரத்துல வேடிக்கை..."

"எனக்கு வேடிக்கை பண்ண வராது. இத்தனை வருஷமாப் பாக்கறீங்க, நான் ஒரு தடவையாவது வேடிக்கை பண்ணியிருக்கேனா?"

"அது நிஜம்," என்றாள் தோபிதா. பிறகு, "ஆனா நீங்க பி-யா இருக்க முடியாது. பேனாவை வரிசையா வெக்கறீங்களே" என்றாள்.

கட்சுயோ இரண்டு சில்லின் படத்தையும் மேசையில் வைத்தார். பக்கத்தில் முதல் குழாயின் படம். மூன்றையும் பார்க்கப் பார்க்க சென்செயின் முகத்தில் இளக்கம் வடிந்தது. மெலனும் முதல் குழாயும் அக்கா தங்கை போல ஒட்டிப் பிறந்திருந்தன. தக்காளிக்கு அந்தக் குடும்பத்தோடு உறவே இல்லை.

"இந்தத் தக்காளி, அவனோட எச்சில்," என்றார் சென்செய்.

"ஆமா."

"அவன்கிட்ட கேட்டு எடுத்தீங்களா?"

கட்சுயோ தக்காளிப் படத்தின் ஓரத்தை மேசை விளிம்போடு நேராக்கினார்.

"அதையும் சேர்த்து எழுதிக் குடுங்க," என்றார் சென்செய். அவர் குரலில் அதுவரை கேட்காத ஒரு குளிர். "இவ்வளவு நாளா ஏ-ன்னு சொல்லிட்டு இருந்தீங்க. அது உங்க சொந்த விஷயம். ஆனா நீங்க கையெழுத்து போட்ட அறிக்கையை எல்லாம் நான் இப்ப எடுத்து ஒரு தடவை பாக்கணும்போல இருக்கு. அதை என்ன பண்றது, சொல்லுங்க."

"பாருங்க," என்றார் கட்சுயோ. "நானா இருந்தா பாப்பேன்."

பார்த்தார்கள். எல்லாம் சரியாக இருந்தன. ஒசாகாவுக்கு இரண்டாவது குப்பியின் முடிவு போனது, நடந்த தப்பையும் சேர்த்தே. நுமாஜிரியின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது. கட்சுயோவின் மேசைக்கு மேலே, 'குழாய் திறந்திருக்கும்போது வாய் மூடியிருக்கட்டும்' என்று தோபிதாவின் அழகான கையெழுத்தில் ஒரு காகிதம் ஒட்டப்பட்டது. அவர் அதைக் கிழிக்கவில்லை. ஓரம் கோணலாக இருந்ததை மட்டும் எடுத்து நேராக ஒட்டினார்.

வீட்டில் தோகுஜி புளித்த சோயாவான நத்தோவைக் குச்சியால் கிளறிக்கொண்டிருந்தார். நூல் நூலாக வந்தது.

"நான் பி," என்றார் கட்சுயோ.

"என்ன பி?"

"ரத்தம். ஏ இல்லை. அன்னிக்கு சித்தி பொய் சொன்னா. நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டேன்."

தோகுஜி கிளறுவதை நிறுத்தவில்லை. நத்தோ தேவைக்கு மேல் நுரைத்துவிட்டது. அவருடைய அம்மா போய்ச் சேர்ந்து வெகுகாலமாகிறது, இதைக் கேட்டு எழுந்து போக ஆளில்லை.

"வேற என்ன?" என்றார் கடைசியில்.

"வேற ஒண்ணும் இல்லை."

"ஒண்ணும் இல்லைன்னு எப்படி நம்பறது?"

அது கட்சுயோ வாழ்நாள் முழுக்க ஊரைக் கேட்ட கேள்வி. அதற்குச் சரியான பதில் சொன்ன ஆள் ஒருவரையும் அவர் பார்த்ததில்லை. மறுநாள் காலை தோகுஜி மிசோ சூப் கிண்ணத்தை மூக்கருகே கொண்டுபோய் ஒரு முறை முகர்ந்துவிட்டுக் குடித்தார். கட்சுயோ பார்த்தும் பார்க்காதது போல சோறு போட்டார்.

ஏப்ரல் பிறந்த முதல் வேலை நாளில், கட்டடத்தின் பின்வாசலில் இருக்கும் தானியங்கி இயந்திரத்தில் நுமாஜிரி சூடான டப்பாக் காபி இரண்டு வாங்கினான். ஒன்றை இரண்டு கையாலும் பிடித்துக் கட்சுயோவிடம் நீட்டினான். இடுப்பு மடங்க வணங்கி, "உங்க ரகசியத்தை எனக்காகக் குடுத்துட்டீங்க" என்றான். அவன் கண் நனைந்திருந்தது. கட்சுயோவுக்கும். இரண்டு பேரும் மகரந்தத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டுச் செர்ரிப் பூ உதிர்வதைப் பார்த்துக்கொண்டு காபி குடித்தார்கள்.

இதுவரை எழுதிய தாள்களைக் கட்சுயோ வேலிக்கு மேலாக வாங்கி, நின்றபடியே படித்தார். சித்தி வந்த இடத்தில் உதட்டைச் சுழித்தார். குழந்தை என்ற இடத்தில் வெகுநேரம் நின்றார். கடைசிப் பத்திக்கு வந்ததும் விரலை அதன்மேல் வைத்தார். விரல் அங்கேயே இருந்தது.

"காபி ஏதுடா?"

வேலிக்கு இந்தப் பக்கம் ஒரு பேனா மூடப்பட்டது.

"எங்க கட்டடத்துல மெஷினே கிடையாது. எல்லாரும் வீட்டுலேர்ந்து பார்லி டீ கொண்டுட்டுப் போறோம். அவன் வணங்கவும் இல்லை, அழவும் இல்லை. 'என் குச்சியைக் குப்பையிலேர்ந்து எடுத்தீங்களா'ன்னு ஒரு கேள்வி கேட்டான், அவ்வளவுதான். மழைக்காலம் வர்ற வரைக்கும் என் பக்கம் முகத்தைத் திருப்பலை. இப்பவும் நான் பக்கத்துல போனா டீக் கோப்பையைக் கையோட எடுத்துட்டுப் போறான்." தாள்களை மடித்து வேலிக்கு மேல் நீட்டினார். "அவன் மேல இந்தச் சர்க்கரை இருந்ததே இல்லை. நீ ஒட்டினது."